வி-2 ராக்கெட்டின் பம்பும் டோரா சுரங்கமும்

விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "போர் விமானம், ஏவுகணை வீடியோ பார்த்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செய்த வி-2 ராக்கெட்டின் குறுக்குவெட்டுப் படத்தை விடுதி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். கூடப் படிக்கும் தோழி ஒருத்தி, 'கொலைக் கருவியைப் போய் சாமி படம் மாதிரி மாட்டி வைத்திருக்கிறாயே' என்கிறாள். ரசிப்பது அவ்வளவு பெரிய தப்பா?"

தம்பி, எனக்கும் அந்த வியாதி உண்டு. கோவையில் முப்பது வருஷமாகப் பம்பு தொழிலில் இருக்கிறேன். நீங்கள் ரஃபேல் படம் என்று எழுதியிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வி-2வின் பம்பு தெரியும். நடு ராத்திரியில் அதன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வீட்டில் திட்டு வாங்கியவன் நான்.

சுவரில் இருக்கும் படத்தில், ராக்கெட்டின் வாலுக்குச் சற்று மேலே, இரண்டு பெரிய தொட்டிகளுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு சிக்கலான பகுதி இருக்கும். பாருங்கள். அதுதான் டர்போபம்பு. மேலே 4 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக ஆல்கஹால், அதில் கால் பங்கு தண்ணீர். கீழே 5 டன்னை ஒட்டி திரவ ஆக்சிஜன். இரண்டும் ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டுவதற்குள் எரிந்து தீர்ந்தாக வேண்டும். அதாவது நொடிக்குச் சுமார் 125 கிலோ. உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி எட்டு நொடியில் காலியாவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யும் பம்பில் டர்பைன், அதாவது பம்புகளைச் சுழற்றும் சக்கரம், நடுவில் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பம்பு. ஒரு பக்கம் ஓடுவது மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் ஆக்சிஜன், மறுபக்கம் சாதாரண வெப்பநிலையில் ஆல்கஹால். நடுவில் டர்பைனைச் சுற்ற வைக்கும் நீராவி 400 டிகிரியை நெருங்கும். எல்லாம் ஒட்டி ஒட்டி, ஒரே கூட்டுக்குள் அடக்கம். இங்கே கொதிநீர்ப் பம்புக்கு ஒரு சீல் போட்டு அதை ஒரு வருஷம் ஒழுகாமல் ஓட வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

அந்த நீராவிக்கு அடுப்பு கிடையாது. அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடைப் பெர்மாங்கனேட்டோடு கலந்தால் அது தானாகவே கொதித்து ஆவியாகும். அவ்வளவுதான் பாய்லர். இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்படி ஒரு பம்பை யார் செய்து கொடுப்பார்கள் என்று பயந்துகொண்டே, ராக்கெட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் வெர்னர் ஃபான் பிரவுனின் ஆட்கள் பம்பு செய்பவர்களிடம் போயிருக்கிறார்கள். போனால், அவர்கள் கேட்ட அளவுகள் கிட்டத்தட்ட தீயணைப்பு வண்டியின் சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு உரிய அளவுகளாக இருந்தனவாம். உலகத்தின் முதல் விண்வெளி ராக்கெட்டுக்குள் தீயணைப்புப் பம்பின் தம்பி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். தொழிலில் இருப்பவனுக்கு இதைப் படித்தால் ஒரு சிரிப்பு வரும். அது குற்றம் இல்லை.

என்ஜின் சுவரும் அப்படித்தான். உள்ளே எரிவது 2,500 டிகிரிக்கு மேல், சுவரோ எஃகு. எஃகு 1,500லேயே உருகிவிடும். அதனால் எரியப்போகும் ஆல்கஹாலையே முதலில் சுவருக்குள் ஓடவிட்டு, கொஞ்சத்தைச் சின்னச் சின்ன துளைகள் வழியாக உள்பக்கம் கசியவிட்டு, ஒரு திரவப் படலமாகவே சுவரைக் காப்பாற்றினார்கள். இன்றைக்கும் திரவ எரிபொருள் என்ஜின்கள் இந்த உபாயத்தின் பேரன் பேத்திகள்தான். 1942 அக்டோபர் 3 அன்று, ஜெர்மனியின் ராக்கெட் ஆய்வு மையம் இருந்த பீனமுண்டே கடற்கரையிலிருந்து கிளம்பி 85 கிலோமீட்டர் உயரம் வரை போனது வி-2. மனிதர் செய்த எதுவும் அதற்கு முன் அவ்வளவு உயரம் போனதில்லை.

இதுவரை நான் சொன்னதெல்லாம் உங்கள் சுவரில் இருக்கும் படத்திலேயே இருக்கிறது. படத்தில் இல்லாததை இனிச் சொல்கிறேன்.

1943 ஆகஸ்ட் 17 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்டேயைக் குண்டு வீசித் தாக்கின. அந்த என்ஜினை உருவாக்கிய நிபுணர் வால்டர் தீல் குடும்பத்தோடு அன்று செத்தார். ஆனால் அன்று இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. பக்கத்து முகாமில் அடைத்து வைத்திருந்த வெளிநாட்டுக் கட்டாயத் தொழிலாளிகள். அதற்குப் பிறகு உற்பத்தியைப் பூமிக்கடியில் கொண்டுபோக முடிவாயிற்று. நடு ஜெர்மனியில் நார்ட்ஹவுசன் ஊருக்குப் பக்கத்தில் கோன்ஸ்டைன் என்று ஒரு மலை. பத்தே நாளில், ஆகஸ்ட் 28 அன்று, புகன்வால்ட் வதைமுகாமிலிருந்து முதல் கைதிகள் அங்கே வந்து இறங்கினார்கள். முகாமின் பெயர் டோரா.

மலைக்குள் இரண்டு நீண்ட சுரங்கங்கள் பக்கம் பக்கமாகப் போகும். ஏணிப்படி போல நடுவே குறுக்குச் சுரங்கங்கள் இணைக்கும். முதல் சில மாதங்கள் கைதிகளுக்குத் தங்குமிடமும் அந்தக் குறுக்குச் சுரங்கங்கள்தான். நான்கு அடுக்குப் பலகைக் கட்டில், குடிக்கத் தண்ணீர் கிடையாது, கழிப்பறைக்குப் பாதியாக வெட்டிய பீப்பாய்கள். ஒரு பக்கம் ஆள் தூங்க, மறுபக்கம் வெடி வைத்துப் பாறை உடைத்துக்கொண்டிருப்பார்கள். பகல் வெளிச்சத்தையே வாரக்கணக்கில் பார்க்காதவர்கள் உண்டு. முதல் ஆறேழு மாதங்களிலேயே சுமார் 3,000 பேர் செத்தார்கள். இன்னும் ஏறக்குறைய அத்தனை பேரை, இனி வேலைக்கு ஆகாதவர்கள் என்று ரயிலேற்றி வேறு முகாம்களுக்கு அனுப்பினார்கள். டோராவும் அதன் கிளை முகாம்களும் சேர்ந்து 1945 ஏப்ரல் வரை சுமார் 60,000 பேரைப் பார்த்தன. அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. எல்லோரும் ராக்கெட் வேலை பார்த்தவர்கள் இல்லை, சுரங்கம் வெட்டியவர்களும் கட்டட வேலை செய்தவர்களும் உண்டு. அப்படிக் கழித்துக்கொண்டே பார்த்தாலும், இந்த ராக்கெட் போய் விழுந்து கொன்றவர்களைவிட, இதைச் செய்யும்போது செத்தவர்கள்தான் அதிகம். வேறு எந்த ஆயுதத்தைப் பற்றியும் நான் இப்படிப் படித்ததில்லை.

வெல்டிங்கை வேண்டுமென்றே பலவீனமாக வைப்பது, ஸ்க்ரூவைத் தளர்த்தி விடுவது என்று நாசவேலை செய்த கைதிகள் இருந்தார்கள். செய்ததாகச் சந்தேகப்பட்டாலே போதும், தூக்குதான். 1945 மார்ச்சில் சுரங்கத்துக்குள்ளேயே, ராக்கெட் பாகங்களைத் தூக்கும் மேல்நிலைக் கிரேனில் கயிறு கட்டிக் கூட்டம் கூட்டமாகத் தொங்கவிட்டார்கள். ஷிப்டு மாறும் ஆட்கள் அந்தக் கால்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். எங்கள் பட்டறையிலும் மேலே ஒரு கிரேன் ஓடுகிறது. இதைப் படித்த மறுநாள் காலை அதை அண்ணாந்து பார்த்தேன். அதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை.

தம்பி, பம்பைப் பற்றி ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அது ஒரே ஒரு நிமிடம் உழைத்தால் போதும் என்று செய்யப்பட்டது. பேரிங் தேயுமா, சீல் எத்தனை நாள் தாங்கும் என்ற கவலையெல்லாம் அதை வடிவமைத்தவனுக்குக் கிடையாது. அதனால்தான் அவ்வளவு இலகுவாக, அவ்வளவு அழகாக வந்தது. நாங்கள் விவசாயிக்குச் செய்யும் பம்பு பதினைந்து வருஷம் சேற்றுத் தண்ணீரில் ஓட வேண்டும், அதனால் குண்டாக அவலட்சணமாக இருக்கும். அந்தச் சுரங்கத்தில் ஆட்களையும் அதே கணக்கில்தான் வைத்திருந்தார்கள். இது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. நான் ரசித்த நேர்த்தியும் நான் படிக்க அஞ்சிய பக்கமும் ஒரே ஆலையின் இரண்டு கணக்குப் புத்தகங்கள்.

இனி, விழுந்த இடம். 1944 செப்டம்பர் 8 அன்று லண்டனின் முதல் வி-2, நகரின் மேற்கே சிஸ்விக் பகுதியில் விழுந்து மூன்று பேர் செத்தார்கள். அரசாங்கம் வாயைத் திறக்கவில்லை. 'காஸ் குழாய் வெடித்துவிட்டது' என்று பேச்சு பரவியது. வாரத்துக்கு வாரம் காஸ் குழாய் வெடிக்கவே, ஜனங்கள் 'பறக்கும் காஸ் குழாய்' என்று கிண்டல் செய்தார்கள். ஒலியைவிட வேகமாக வருவதால் வெடித்த பிறகுதான் அது வரும் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டவர் பிழைத்தவர். நவம்பர் 25, சனிக்கிழமை மதியம், நியூ கிராஸ் பகுதியில் ஒரு வுல்வொர்த் கடை. போர்க்காலத் தட்டுப்பாட்டில் பாத்திரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள் என்பார்கள். 168 பேர். டிசம்பர் 16 அன்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ரெக்ஸ் திரையரங்கில் பட நேரத்தில் விழுந்தது. 567 பேர்.

உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று தெரியும். 'கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும், தொழில்நுட்பத்தின்மேல் பழி போடாதீர்கள்.' இந்தக் கத்தி உதாரணத்தை நானும் எத்தனையோ டீக்கடை விவாதத்தில் பயன்படுத்தியவன்தான். இங்கே அது செல்லாது, காரணம் என்ஜினியரிங்கிலேயே இருக்கிறது.

வி-2வைக் குறி பார்ப்பது என்றால் சரியான திசையில் சாய்த்து, சரியான வேகம் வந்ததும் என்ஜினை நிறுத்துவது. அப்புறம் அது எறிந்த கல். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு நொடி தாமதமாக நிறுத்தினால் 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் தள்ளி விழும். இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கடைசியில் 25 டன் உந்துவிசையை முதலில் 8 டன்னாகக் குறைத்து, அதன் பிறகு முழுதாக நிறுத்தினார்கள். அருமையான யோசனை. அதையெல்லாம் செய்தும் குறி பல கிலோமீட்டர் தப்பியது. ஒரு பாலத்தையோ தொழிற்சாலையையோ அடிக்க முடியாது. தவறாமல் அடிக்கக்கூடியது ஒன்றுதான்: நகரம் அளவுக்கு அகலமான எதுவும். ஒரு டன் வெடிமருந்து, பல கிலோமீட்டர் பிழை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இதன் இலக்கு யார் என்று வரைபட மேசையிலேயே தெரிந்துவிடும். காய் நறுக்க இதில் இடமே இல்லை.

ஆகவே 'ரசிப்பது தப்பா' என்றால், இல்லை என்பதே என் பதில். பாதியை ரசிப்பதுதான் கோளாறு. இந்தக் குறி தப்புவதையும் ஒரு பொறியாளனாகவே படியுங்கள், அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகப் புரியும். இந்த வீடியோ போடுகிறவர்கள் செய்வது என்ன? ஏவுகணை கிளம்பும்வரை காட்டுவார்கள், பின்னணியில் இசை, வானத்தில் புள்ளியாக மறையும்போது வீடியோ முடிந்துவிடும். போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டினால் மிஞ்சி மிஞ்சி ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரத்துக்குள் சத்தமில்லாத ஒரு புகை. எனக்கு எரிச்சல் வருவது அந்தக் கத்தரிக்கோல்மேல்.

இது புதுசும் இல்லை. தொண்டைமானிடம் தூது போன அவ்வையார் அவனுடைய ஆயுதக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது, பள்ளியில் படித்திருப்பீர்கள். உன் ஆயுதங்கள் மயில் பீலி கட்டி, மாலை சூடி, நெய் பூசி, காவலான மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. தமிழ் ஐயா இதை வஞ்சப்புகழ்ச்சி என்று நடத்துவார். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. பீலி கட்டியதுதான் கண்ணுக்கு அழகு. முறிந்து கிடப்பதைப் பார்க்கக் கொல்லன் பட்டறைக்கே போனால்தான் உண்டு. உங்கள் சுவரில் இருப்பதும் நெய் பூசிய வேல்தான். நாங்களும் ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம். பெயரில் மட்டும் இன்னும் ஆயுதம் இருக்கிறது.

ஃபான் பிரவுனைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் அவரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1937ல் ஹிட்லரின் நாஜிக் கட்சியிலும், 1940ல் அதன் எஸ்எஸ் படையிலும் சேர்ந்தவர். 1944 மார்ச்சில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ அவரையே பிடித்து இரண்டு வாரம் போல உள்ளே வைத்தது உண்மை, அவரை ஆதரிப்பவர்கள் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 தேதியிட்ட அவருடைய கடிதம் ஒன்றும் இருக்கிறது. தகுதியான கைதிகளைத் தேடி, தானே புகன்வால்டுக்குப் போனதாக, டோரா தொழிற்சாலையின் பொறுப்பாளர்களில் ஒருவருக்கு எழுதுகிறார். நாம் ஐடிஐ வாசலில் வெல்டர் தேடிப் போவது போன்ற தொனி. போர் முடிந்ததும் அமெரிக்கா அவரைக் கூட்டிக்கொண்டு போனது. 1969ல் மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 அவர் தலைமையில் உருவானது. நிலவைத் தட்டில் ஒரு பக்கமும் சுரங்கத்தை மறுபக்கமும் வைத்து நிறுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தராசில் நம்பிக்கை இல்லை. செத்தவர்களிடம் யாரும் நிலவுக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

'இதெல்லாம் யாரோ ஜெர்மன்காரன் கதை' என்று தள்ளிவிடவும் முடியாது. இதன் ஒரு கிளை நம் ஊர்வரை வருகிறது. அமெரிக்காவும் ரஷ்யாவும் பீனமுண்டே ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது பிரான்சும் கொஞ்சம் பேரை எடுத்துக்கொண்டது. டோராவில் அடைபட்ட கைதிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். வெர்னோன் என்ற ஊரில் அவர்களுக்கு ஆய்வுக்கூடம் அமைந்தது. வி-2 குழுவில் இருந்த கார்ல்-ஹைன்ஸ் பிரிங்கர் அங்கே பல வருஷம் உழைத்தார், பிரான்சின் வைக்கிங் என்ஜினை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. 1970களில் இஸ்ரோ பிரான்சோடு ஒப்பந்தம் போட்டு, நம்பி நாராயணன் தலைமையில் ஒரு குழுவை வெர்னோனுக்கு அனுப்பியது. அங்கே கற்றுக்கொண்டு வந்து இங்கே செய்ததுதான் விகாஸ் என்ஜின். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் அதைச் சோதிக்கிறார்கள். பிஎஸ்எல்வியின் இரண்டாம் அடுக்கில் அதுதான். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்த ராக்கெட்டின் நடு அடுக்கிலும் ஒன்றுக்கு இரண்டாக அதுதான்.

விகாஸுக்குள்ளும் டர்போபம்பு இருக்கிறது. எரிபொருள் வேறு, அளவு வேறு, வி-2வின் 25 டன் எங்கே, இதன் ஏறக்குறைய 80 டன் உந்துவிசை எங்கே. ஆனாலும் வம்சம் தெரியும். நான் அதைப் பார்த்து இன்றைக்கும் பெருமைப்படுகிறேன். நம்பி நாராயணனும் அவருடைய ஆட்களும் யாரையும் சுரங்கத்தில் அடைக்கவில்லை. ஆனால் ஒரு பம்பின் வரலாற்றைப் பெருமையோடு சொல்லும்போது பாட்டன் பெயரை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை.

படத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை தம்பி. சுவரில் இடம் இருந்தால் பக்கத்திலேயே அந்தச் சுரங்கத்தின் வரைபடத்தையும் ஒட்டுங்கள். ஏணி மாதிரி இருக்கும், பார்த்தால் அதுவும் ஒரு நல்ல என்ஜினியரிங் வரைபடம்தான். ஆயுதம் செய்யும் நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாமா என்பது வேறு கேள்வி. நீங்கள் கேட்கவும் இல்லை, அதற்குப் பதில் சொல்ல நான் ஆளும் இல்லை. உங்கள் தோழியோடு மட்டும் சண்டை போடாதீர்கள்.

எங்கள் ஸ்டோர்ஸைக் கவனித்துக்கொள்பவர் கிளிநொச்சிக்காரர், சின்ன வயதில் பங்கருக்குள் கிடந்து வளர்ந்தவர். அங்கே குண்டு போட வந்த இஸ்ரேல் தயாரிப்பு விமானத்தைக் 'கிபிர்' என்பார்கள். பிரெஞ்சு மிராஜின் உடம்பில் அமெரிக்க என்ஜினைப் பொருத்திய விமானம், விமானப் பைத்தியங்களுக்கு ரொம்பப் பிடித்த கலவை. நானே ஒரு தடவை அதன் வாலடியில் இருக்கும் காற்றுக் குழாயைப் பற்றி அவரிடம் ஆர்வமாகப் பேசப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன். சந்திரயான்-3 கிளம்பிய அன்று மதியம் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் ஆபீசில் டிவி முன்னால் நின்றோம். அவரும் வந்து நின்றார். எண்ணிக்கை முடிந்து, ராக்கெட் கிளம்பி, அந்த உறுமல் அறையை நிறைத்தது. பையன்கள் கைதட்டினார்கள். அவர் என் பக்கம் குனிந்து, "நல்லா இருக்கு அண்ணை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ" என்றார். ரிமோட்டைத் தேடி எடுத்துக் குறைத்தேன்.